ஆண்டுக்கு நாலு பிரசவம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா, இல்லை இன்னும் பஸ் பணிமனையையே அதிர வைத்துக்கொண்டிருக்கிறாரா? நான் நலம். வயிறு மட்டும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி என்னோடு அடிக்கடி சண்டை போடுகிறது.

வேலை நிரந்தரமாகிவிட்டது! “யோசிக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?” என்று அத்தான் போன தடவை கேட்டாரே. இப்போது சொல்கிறேன். அரசாங்கத்துக்கு ஆயிரம் வேலை, உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. அதனால் வெளியே சிலர் உட்கார்ந்து, படித்து, எண்ணிப் பார்த்து, இப்படிச் செய்யலாம் என்று எழுதிக் கொடுக்கிறோம். இந்த மாதிரி ஆய்வு மையங்கள் முளைத்த கதையே வேடிக்கை. சில நாடுகளில், ஏழைகளின் நிலைமையை மாற்ற நினைத்தவர்கள் கூடிப் பேசும் சங்கமாக ஆரம்பித்தன. வேறு சில இடங்களில், போர்க்காலத்தில் தளபதிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் போர் முடிந்த பிறகும் கலைந்து போகாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் மையம் ஒரு சைக்கிள் கடை மாடியில் பிறந்தது. ஆறு பேர், நாலு நாற்காலி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஐம்பதாம் ஆண்டு மலர் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய காகிதப் பெட்டிகளோடுதான் குடித்தனம். கூடவே பிரசவ நிலையங்களைப் பற்றி ஓர் அறிக்கையும் முடிகிற கட்டத்தில் இருக்கிறது. உன் துறை! சுருக்கம் தயாரானதும் அனுப்புகிறேன்.

காலை மடக்காமல் உட்கார். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

---

ஜனவரி 30

அன்புள்ள பேனாமூடிக்கு,

நிரந்தர ஊழியர் ஆன பிறகும் பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் போகவில்லையா? உன் கடித உறையிலேயே பல் தடம் பதிந்த மூடி ஒன்று வந்து சேர்ந்தது. அத்தான் அதை அலமாரியில் வைத்திருக்கிறார். பெரிய மனுஷன் கடித்தது என்று பின்னாளில் காட்ட வேண்டுமாம்.

சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு நிஜமாகவே கண் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். இந்த மாதம் இதுவரை பதினோரு பிரசவம், ஒன்று இரட்டை. ஆயாவுக்கும் எனக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. வியாழக்கிழமை வழக்கம்போல டவுன் ஆஸ்பத்திரிக்குக் காகிதங்களோடு போய் வந்தேன். பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

நேரத்துக்குச் சாப்பிடு. யோசிக்கிற வேலைக்கும் சோறு வேண்டும்.

அக்கா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? எனக்குத் தலை கால் புரியவில்லை. என் இரண்டு பக்கச் சுருக்கம் இத்துடன் இருக்கிறது. அடியில் யார் பெயர் என்று பார்.

முழு அறிக்கை நூற்றெண்பது பக்கம். அதை அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள். இந்த இரண்டு பக்கத்தைக் காரில் போகும்போது படிப்பார்கள். ஆகவே எங்கள் மையத்தில் இதை எழுதக் கிடைப்பதுதான் பெரிய மரியாதை. ஆண்டுக்குப் பத்துப் பிரசவம்கூட நடக்காத முப்பத்தெட்டு நிலையங்களை மூடிவிட்டு, அந்த நர்சுகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பலாம் என்பது யோசனை. ‘சும்மா கிடக்கும் நிலையங்கள்’ என்று அவற்றுக்கு நான்தான் பெயர் வைத்தேன். போன வாரம் அமைச்சர் அதைச் சொந்தச் சொல் மாதிரி ஒரு கூட்டத்தில் பேசினார். அடுத்த நாள் பேப்பரில் தலைப்பு. அதற்கடுத்த நாள் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், “இந்தச் சும்மா கிடக்கிற நிலையம்னா என்ன தெரியுமா தம்பி?” என்று எனக்கே விளக்கம் சொன்னார்! நாங்கள் எழுதுவது இப்படித்தான் ஊர்ச் சொல்லாகிறது. யார் சொன்னது என்பது யாருக்கும் தெரியாது.

அதிலுள்ள பட்டியலில் துறை கொடுத்த நிலைய எண்கள்தான், பெயர் இல்லை. உன் நிலையம் மாதிரி வேலை நடக்கிற இடங்களுக்கு எந்தப் பயமும் இல்லை. ஜூன் ஒன்பதாம் தேதி அறிக்கையை அமைச்சர் கையில் கொடுக்கிறோம். பிறகு உத்தரவு வந்துவிடும்.

பெருமையோடு,
உன் தம்பி

---

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வயிறு எப்படி இருக்கிறது?

காகிதம் கிடைத்தது. அழகாக எழுதியிருக்கிறாய். சிறு வயதிலிருந்தே உனக்கு எழுத்து நன்றாக வரும்.

ஒன்று கேட்கிறேன். இந்தப் பிரசவ எண்ணிக்கையை எங்கிருந்து எடுத்தீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் இத்தனை சின்னதாக வந்ததில் எனக்குக் குறைதான். வேலை அதிகமா? கால் வலியா?

எண்ணிக்கையைப் பிறப்புச் சான்றிதழ்களிலிருந்து எடுத்தோம். ஒவ்வொரு சான்றிதழிலும் பிறந்த இடம் இருக்கிறதல்லவா? நிலையங்களிடம் கேட்டால் யாராவது கூட்டிச் சொல்லலாம். சான்றிதழ் பொய் சொல்லாது. இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக இயக்குநர் மேடம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

மலர் வேலையில் ஒரு புதையல் கிடைத்தது. சைக்கிள் கடை மாடிக்காரர்களுக்கு ஒரு விநோத வழக்கம். அறிக்கை வெளியே போவதற்கு முன், அது யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவரை அழைத்து உட்கார வைத்து, அவர் வாயாலேயே உரக்கப் படிக்கச் சொல்வார்களாம். மீனவர்களைப் பற்றியது என்றால் ஒரு மீனவர். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே இவர்களும் பேனாவை எடுக்க வேண்டும். படித்தவர் பெயர் அறைக்கு வெளியே போகக் கூடாது. பதினாறு வருஷம் அப்படி நடந்திருக்கிறது. பிறகு ஒரு அமைச்சர் மூன்றே வாரத்தில் அறிக்கை கேட்டிருக்கிறார். ‘இந்த ஒரு முறை மட்டும் வாசிப்பைத் தவிர்க்கலாம்’ என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அரசாங்க ஒப்பந்தம் வந்தது, நன்கொடைக்காரர்கள் வந்தார்கள், நாலு மாடிக் கட்டடம் வந்தது, டிவியில் பேச ஆள் கேட்டு அழைப்பு வந்தது. மலரில் சிரிக்க வைக்கும் பெட்டிச் செய்தியாக இதைப் போடலாம் என்றிருக்கிறேன்.

பெரிய கடிதமாக எழுது.

உன் தம்பி

---

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்துக்கு ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? அத்தானுக்கா? நிலையத்து போனுக்கு இரண்டு முறை முயன்றேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்மேல் கோபமென்றால் அதையாவது எழுது.

தம்பி

---

மே 3

மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நான் நலம். இருமல்கூட நின்றுவிட்டது. அவள் நலமில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. பேச்சுதான் நின்றுவிட்டது. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பணிமனையில் என்ஜின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பட்டியலில் இருபத்தேழாம் எண் யார் தெரியுமா? உன் அக்காவின் நிலையம்தான். ஆண்டுக்கு நாலு பிரசவம் என்று போட்டிருக்கிறாய். நிஜத்தில் நூற்றி நாற்பதுக்குக் குறையாது.

எப்படி என்று கேட்பாய். சின்ன நிலையங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் உரிமை கிடையாது. படிவம் தலைமை அலுவலகம் போய் வர எட்டு மாதம், சில சமயம் வரவே வராது. சான்றிதழ் இல்லாமல் தடுப்பூசி அட்டை இல்லை, ஒன்றுமில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தால் அந்த வாரமே கொடுத்துவிடுவார்கள். அதனால் உன் அக்கா பதினோரு வருஷமாக, பிறந்த இடம் டவுன் ஆஸ்பத்திரி என்று எழுதி, வியாழக்கிழமைதோறும் அங்கே பதிவெழுத்தரிடம் கொண்டுபோய் வாங்கி வருகிறாள். இவளிடம் பிறந்த குழந்தைகளை வைத்து அந்த ஆஸ்பத்திரி பேர் வாங்கிவிட்டது. உன் கணக்கில் வந்த அந்த நாலு பேர், எட்டு மாதம் காத்திருக்கப் பொறுமை இருந்த புண்ணியவான்கள்.

விதிப்படி இது பொய்ப் பதிவு. வெளியே சொன்னால் அவள் வேலை போகும். உன் அறிக்கையும் போகும். சொல்லாவிட்டால் நிலையம் போகும். வலி எடுத்தவர்கள் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அந்த பஸ்ஸை ரிப்பேர் செய்கிறவன் நான். அது எங்கெங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் கண்டக்டர் அவளிடம், “என்னக்கா, உங்க நிலையம் சும்மா கிடக்குதாமே?” என்று சிரித்தான். அன்றைக்கு இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு ஏறியிருந்தாள். வீட்டுக்கு வந்து உன் இரண்டு பக்கத்தை எடுத்து மறுபடி படித்தாள். எனக்கு உன்மேல் கெட்ட கோபம் வந்தது. இப்போது இல்லை. ஏதாவது செய்.

அத்தான்

---

மே 10

அக்கா,

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

நான் ஒரு நிலையத்துக்குக்கூட நேரில் போகவில்லை. நீ பதினோரு பிரசவம் என்று எழுதிய கடிதம் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. இருபத்தேழு யாரென்று ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று இயக்குநர் மேடத்திடம் போனேன். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய கூட்டக் குறிப்புகளை மேஜையில் வைத்து, “இந்த அறிக்கைக்கு அந்த வாசிப்பு நடக்கணும் மேடம்” என்றேன். “ஜூன் ஒன்பதுக்கு இன்னும் ஒரே மாசம்தான் இருக்கு, விளையாடுறீங்களா?” என்றார். பிறகு குறிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டார். இன்று காலை கூப்பிட்டு, ஒரு நர்சை அழைத்து வரச் சொன்னார். படிப்பவர் பெயர் வெளியே போகாது என்ற பழைய விதியையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நீ வருவாயா? வரமாட்டேன் என்றால் வேறு யாரையாவது கேட்கிறேன். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இருக்காது.

தம்பி

---

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தானைத் திட்டியாகிவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே சிரித்துவிட்டேன், கடிதம் முழுக்க அப்படிக் கறை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இருந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது கோபத்தால் இல்லை. அந்தப் பக்கத்தின் அடியில் உன் பெயர் இருந்தது. உனக்கு வேலை நிரந்தரமானதற்கு அழுதவள் நான். அதே கையால் அதை எப்படிக் கெடுப்பது? இன்னொரு பக்கம், பதினோரு வருஷமாகத் தப்பு செய்கிறவள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்றும் பயம். உன்னிடம் மறைத்த ஒரே விஷயம் அதுதான்.

வருகிறேன். ஒரே நிபந்தனை. உன் அக்கா என்று யாரிடமும் சொல்லாதே. தம்பிக்காகப் பேச வந்தவள் என்றோ, தம்பியை மாட்டிவிட வந்தவள் என்றோ பேச்சு வரக் கூடாது. என் சொந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வருகிறேன். ஒவ்வொரு குழந்தையின் எடையும் நேரமும் அதில் இருக்கிறது.

சாப்பிடுகிறாயா இல்லையா?

அக்கா

---

ஜூன் 1

என்னங்க, நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் இருமல் திரும்பவில்லையே? மாத்திரை டப்பா மேல் தட்டில் இருக்கிறது. தம்பி இளைத்துவிட்டான். சாப்பிட வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

வாசிப்பு நேற்று முடிந்தது. நாலாவது மாடியில் நீள மேஜை. சுற்றிலும் ஏழு பேர், எல்லோரும் கண்ணாடி போட்டவர்கள். தம்பி கடைசி நாற்காலியில், என்னைத் தெரியாதவன் மாதிரி. அவனுக்கு நடிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். காது சிவந்து கிடந்தது. இயக்குநர் மேடம் காகிதத்தைக் கொடுத்து, “மெதுவா படிங்க. எங்க வேணா நிறுத்தலாம்” என்றார்.

முதல் பக்கம் சரியாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் ‘சும்மா கிடக்கும் நிலையங்கள்’ என்ற இடம் வந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லைங்க. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றேன். வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“போன மாசம் மட்டும் பதிமூணு, மேடம்,” என்றேன். நோட்டைத் திறந்து வைத்தேன். வியாழக்கிழமைக் கதையை முழுவதும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

மேடம் என்னையே பார்த்தார். “அப்படின்னா சான்றிதழ்ல நீங்க எழுதினது பொய்தானே?”

“ஆமா மேடம். இடம் பொய். குழந்தை நிஜம்.”

அப்போது மூலையில் இருந்த புள்ளிவிவரக்காரர் ஒருவர், வழுக்கைத் தலை, வெடுக்கென்று எழுந்து போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். விரலை வைத்துத் தேடினார். “டவுன் ஆஸ்பத்திரியில பிரசவக் கட்டில் பன்னிரண்டு. போன வருஷம் அங்க பிறந்ததா பதிவானது ரெண்டாயிரத்து அறுநூறு. ஒரு தாய் மூணு நாள் தங்கினா, ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்கணும்!” என்றார். பிறகு, “நாம இந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கலையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விஷயம் புரிகிறதா? நான் ஒருத்தி இல்லை. சுற்றியிருக்கிற நிலையங்கள் எல்லாவற்றிலும் நர்சுகள் இதையேதான் செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வரிசையில் பார்க்கும்போது ஒருவருக்கொருவர் தலையாட்டுவோம், எதற்கு வந்தோம் என்று கேட்டுக்கொள்ள மாட்டோம். பதினோரு வருஷமாக நான் மட்டும்தான் திருடி என்று நினைத்திருந்தேன்.

தம்பி எழுந்து, “இந்தப் பக்கங்கள எழுதினது நான். தப்பு என்னோடது. அறிக்கைய நிறுத்தி வைங்க மேடம்” என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நிபந்தனை போட்டவளே நான்தான் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன முடிவு என்று இன்னும் தெரியாது. திங்கட்கிழமை வண்டியில் வருகிறேன். பஸ் பிரேக்கைப் பார்த்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

---

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு. முப்பத்தெட்டு நிலையங்களில் எதையும் மூடவில்லை. உத்தரவு நேற்று வந்தது.

இடையில் ஆறு வாரம் உனக்கு எழுதாதது ஏன் என்றால், எழுத நல்ல சேதி எதுவும் இல்லை. ஜூன் ஒன்பதாம் தேதி அமைச்சர் கையில் அறிக்கைக்குப் பதில் ஒரு மன்னிப்புக் கடிதம் போனது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து மேடத்துக்கு வந்த போனைப் பக்கத்து அறைக்காரர்களும் கேட்டார்களாம். நன்கொடைக்காரர்கள் இருவர், நாங்கள் சொன்னதை நாங்களே மாற்றினால் இனி யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். ஒரு பேப்பர் எங்களைக் கேலி செய்து படம் போட்டது. “தகவல் சொன்ன நர்ஸ் யார்?” என்று துறையிலிருந்து எழுத்து மூலமாகக் கேட்டார்கள். படித்தவர் பெயர் வெளியே போகாது என்று மேடம் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார். மூன்று வாரம் நான் பேனா மூடியாக மென்று தீர்த்தேன்.

பிறகு துறைக்காரர்களே நாலு டவுன்களில் கட்டில்களை எண்ணிப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் அதே கதை. இத்தனை நர்சுகள் மேல் நடவடிக்கை எடுத்தால் பிரசவம் பார்க்க ஆளே இருக்காது என்று அவர்களுக்கே உறைத்துவிட்டது. பழைய பதிவுகளைப் பற்றி யாரையும் விசாரிக்கப் போவதில்லை என்று உத்தரவில் தெளிவாக இருக்கிறது, நகல் வைத்திருக்கிறேன். இனி நிலையங்களே சான்றிதழ் கொடுக்கலாம். புத்தகங்கள் அச்சாகின்றன.

என் வேலை போகவில்லை. சுருக்கம் எழுதும் மரியாதை போய்விட்டது. இனி ஒவ்வொரு அறிக்கையையும் தூக்கிக்கொண்டு, படித்துக் காட்ட ஆள் தேடி ஊர் ஊராகப் போவதுதான் என் வேலை. தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். எனக்கோ தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருக்கிறது. அந்தச் சொல் மட்டும் இன்னும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்றுகூட ரேடியோவில் கேட்டேன். அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. அதுதான் உறுத்துகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய கறைபட்ட கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தம்பி

---

ஆகஸ்ட் 22

அன்புள்ள பேனாமூடிக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்குக்கூட நல்ல புத்தி வந்திருக்கிறது, வாரம் ஆறு மணி நேரம் பஸ்ஸில் மடங்கிக் கிடப்பது நின்றுவிட்டதல்லவா. நீ ஊர் ஊராகச் சுற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் பக்கமும் ஒரு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வா.

சான்றிதழ் புத்தகம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. தாய்க்கு இது இரண்டாவது. விஷயம் தெரிந்தவள், படுத்தபடியே, “டவுனுக்கு வியாழக்கிழமைதானே போவீங்க? பேர் எழுதித் தரட்டுமா?” என்றாள்.

“எங்கயும் போக வேண்டாம். இங்கயே எழுதித் தர்றேன்.”

பேனாவை எடுத்தேன். பிறந்த இடம் என்ற கோட்டுக்கு வந்ததும் கை பழக்கத்தில் டவுன் ஆஸ்பத்திரி என்றே எழுதிவிட்டது. தாளைக் கிழித்தேன். ஆயா, “புதுப் புத்தகத்துல முதல் தாளே போச்சா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது தாளில் ஒவ்வொரு எழுத்தாக நம் நிலையத்தின் பெயரை எழுதினேன். முத்திரை குத்தி, காய்வதற்கு ஊதி, அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதைப் படிக்கவே இல்லைடா. நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, “பால் எப்பக்கா ஊறும்?” என்று கேட்டாள். சொன்னேன். குழந்தையைச் சரியாகப் பிடிக்க வைத்தேன். பிறகு கொல்லைப் பக்கம் போய், கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். ஆயா ஓடி வந்து, “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று பதறினாள்.

“ஒண்ணும் ஆகலை. எல்லாம் சரியாயிருக்கு,” என்றேன்.

உன் அக்கா